மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பத்துக் குறள், ஒரு பாரதி பாட்டு: வீட்டில் மனப்பாடம் செய்ய வைப்பது எப்படி?

கேள்வி இது. மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, ஆங்கில வழிப் பள்ளி. அடுத்த மாதம் ஒப்புவித்தல் போட்டி. பத்துக் குறளும் பாரதியாரின் பாப்பா பாட்டில் முதல் ஆறு பத்தியும் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் புத்தகத்தோடு உட்கார வைக்கிறேன், ராத்திரி சரியாகச் சொல்கிறாள், காலையில் பாதி காணாமல் போய்விடுகிறது, நேற்று அழுதே விட்டாள், இவளுக்கு ஞாபக சக்தி குறைவா, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், எழுதிப் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி சரியாகச் சொன்னாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் உள்ளே போயிருக்கிறது. போனது தங்குவதற்குத்தான் வழி செய்யவில்லை. இருபத்தைந்து வருடம் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ராத்திரி ஒப்பித்துவிட்டுக் காலையில் திருதிருவென்று விழிக்காத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

இதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தாமே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மடமடவென்று நடக்கிறது, ஒரு நாள் தாண்டிவிட்டால் அந்த வேகம் குறைந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் செய்த இன்னொரு சோதனை. பைரனின் 'டான் ஜுவான்' காவியத்திலிருந்து சில பத்திகளையும் அதே மாதிரி மனப்பாடம் செய்து பார்த்தார், அசைகளுக்குப் பட்ட பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதற்குத் தேவைப்பட்டது. அர்த்தம், ஓசை, எதுகை எல்லாம் இருப்பதால் கவிதை அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. இப்போது உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது 'ஒறுத்தல்', 'விடல்', 'பயத்ததோ' எல்லாம் எபிங்ஹாஸின் அர்த்தமில்லாத அசைகள்தான். கையில் இருப்பது கவிதை, அவள் உருப்போடுவது வெறும் அசைகள். அதனால்தான் பத்து மடங்கு கஷ்டம்.

ஆகவே முதல் வேலை, புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

நம் செய்யுள்கள் காதுக்காகக் கட்டப்பட்டவை. ஓலைச்சுவடி ஊருக்கு ஒன்றிரண்டு இருந்த காலத்தில் பாட்டு வாயிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வாய்க்கும்தான் போய்வந்தது. வழியில் சிந்தாமல் இருக்க அதற்குள்ளேயே பிடிமானங்களை வைத்துக் கட்டினார்கள். எதுகை, மோனை, சீர், அந்தாதி என்று பத்தாம் வகுப்பில் இலக்கணமாக எழுதி மதிப்பெண் வாங்குகிறோமே, அவை எல்லாமே அந்தப் பிடிமானங்கள். அபிராமி அந்தாதியின் முதல் பாட்டு 'விழுத்துணையே' என்று முடியும், இரண்டாவது 'துணையும் தொழும் தெய்வமும்' என்று தொடங்கும், அது 'அறிந்தனமே' என்று முடிந்தால் அடுத்தது 'அறிந்தேன் எவரும் அறியா மறையை' என்று ஆரம்பிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பாட்டிகள் நூறு பாட்டையும் வரிசை பிசகாமல் சொன்னது இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று பிள்ளையின் காதுக்குக் காட்டுவதுதான்.

சரி, குறளில் எப்படிக் காட்டுவது? பட்டியலில் இருக்கும் பத்துக் குறளில் காதுக்கு வேடிக்கையாக இருப்பதை முதலில் எடுங்கள், வரிசை எண்ணைப் பார்க்காதீர்கள். பெங்களூரில் வளரும் என் பேரனுக்கு ஏழு வயது, தமிழ் பேச மட்டும் வரும். போன மே மாத லீவுக்கு வந்திருந்தபோது இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். நான் அவனைப் பார்க்காமல் கீரை உருவுகிற தாளத்துக்கு, "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்... துப்பாய தூஉம் மழை" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தடவை கை நின்றது.

"தாத்தா, துப்பாக்கின்னா சொன்னீங்க?"

"ஆமாம்."

"திருவள்ளுவர் காலத்துல துப்பாக்கி இருந்துச்சா?"

"இல்லடா. துப்புன்னா சாப்பாடு. துப்பு ஆக்கி. அம்மா சோறு ஆக்குறா இல்ல, அந்த ஆக்கி."

"அப்ப துப்பார்க்கு?"

"சாப்பிடுறவங்களுக்கு. சாப்பிடுறவங்களுக்கு நல்ல சாப்பாட்டை ஆக்கிக் கொடுத்து, தானும் அவங்க குடிக்கிற தண்ணியா ஆகுறது எது?"

கொஞ்சம் யோசித்தான். "மழை!"

அவ்வளவுதான். குறளின் கடைசிச் சொல்லை அவனே கண்டுபிடித்துவிட்டான், இனி அது அவனுக்கு மறக்காது. அப்புறம் 'தூஉம்' என்பதை எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்று மூச்சுப் பிடித்துப் பார்த்தான். அளபெடை என்ற பெயர் எதற்கு, இழுக்க வேண்டிய இடம் என்று தெரிந்தால் போதுமே. கீரை உருவி முடிப்பதற்குள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான், ஒரு தடவைகூட நான் "சொல்லு" என்று சொல்லவில்லை. மறுநாள் காலை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று "துப்பார்க்குத்..." என்றேன், உள்ளேயிருந்து மீதி முழுவதும் வந்தது.

இதே மாதிரி 'யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால் சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு' என்பதையும் எடுத்துக்கொள்ளலாம். யாகா, நாகா, காவா, சோகா என்று மேளம் மாதிரி அடிக்கிறது பாருங்கள். ஆனால் இங்கே அச்சில் ஒரு கண்ணி இருக்கிறது. புத்தகத்தில் சீர் பிரித்து 'யாகாவா ராயினும்' என்று போட்டிருப்பார்கள், பிள்ளை 'யாகாவா' என்று நிறுத்தி, 'ராயினும்' என்று ஏதோ ஊர் பெயரைப் போலச் சொல்லும். அதனால் முதலில் சொல் பிரித்துச் சொல்லுங்கள்: "யா காவாராயினும் நா காக்க." எதைக் காக்காவிட்டாலும் நாக்கைக் காத்துக்கொள். இது புரிந்தபிறகு சீர் பிரித்துத் தாளத்தோடு சொல்லலாம். தாளத்துக்கு விரல் போதும், இடது கையில் நாலு விரல், வலது கையில் மூன்று விரல், ஏழு சீர் முடிந்தது. நடுவில் ஒரு சீர் விட்டுப்போனால் ஒரு விரல் மடங்காமல் நிற்கும், பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நீங்கள் 'தப்பு' என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது, அழுகை பாதி குறைவது இதனால்தான்.

'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' குறளில் முதல் வரி கற்க என்று தொடங்கினால் இரண்டாவது வரி நிற்க என்று தொடங்குகிறது. கற்க, நிற்க. 'அகர முதல' என்றால் அடுத்த வரி 'பகவன் முதற்றே'. அகர, பகவ. இரண்டாவது எழுத்து ஒத்துப்போவதுதான் எதுகை. "முதல் வரி எப்படித் தொடங்குச்சு? அதே மாதிரி ஒலிக்கிற சொல்லாத்தான் இரண்டாவது வரியும் தொடங்கும், கண்டுபிடி" என்று விளையாட்டாகவே கேளுங்கள். முதல் வரி முடிந்து இரண்டாவது வரிக்குத் தாவும் இடத்தில்தான் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நிற்பார்கள், எதுகை அந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் செய்யாமல் விடுவது இந்தத் தாவல் பயிற்சியைத்தான். நாம் வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு வரி, நிறுத்து, திருப்பிச் சொல், அடுத்த வரி, நிறுத்து. பிள்ளை ஒவ்வொரு வரியையும் நன்றாகக் கற்றுக்கொள்ளும், வரியின் முடிவில் நிறுத்துவதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். மேடையில் ஏறியதும் வரி முடிந்த இடத்தில் நின்று அம்மா முகத்தைப் பார்க்கும், வீட்டில் அந்த இடத்தில் அம்மாதானே அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பார். அதனால் கற்றுக்கொடுக்கும்போதே முதல் வரியின் கடைசிச் சொல்லையும் இரண்டாம் வரியின் முதல் சொல்லையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். "கற்றபின் நிற்க. கற்றபின் நிற்க." ஐந்து தடவை. "அவர்நாண நன்னயம். அவர்நாண நன்னயம்." மூட்டு இறுகிவிட்டால் எலும்பு தானாக நிற்கும்.

பாப்பா பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. சொற்கள் எளிமையானவை, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருள் சொல்லவே வேண்டியதில்லை, ஒவ்வொரு பத்திக்குள்ளும் ஓடி-கூடி, சின்ன-வன்ன, கொத்தி-எத்தி, பாலை-வாலை, வண்டி-அண்டி, காலை-மாலை என்று எதுகை கையைப் பிடித்து அழைத்துப்போகிறது. ஆனால் எல்லாப் பத்தியும் ஒரே மெட்டு, ஏறக்குறைய எல்லாமே 'பாப்பா' என்றுதான் முடிகின்றன. ஆகவே கோழியிலிருந்து நேராகக் குதிரைக்குத் தாவி, பசுவையும் நாயையும் விட்டுவிடுவார்கள். முழுப் பாட்டில் 16 பத்தி, உங்களுக்கு ஆறுதான் வேண்டும், ஆனாலும் வரிசை குழம்பும்.

இதற்கு வீட்டையே பயன்படுத்துங்கள். வாசலில் நின்று 'ஓடி விளையாடு'. ஜன்னலுக்குப் போனால் அங்கே குருவி, 'சின்னஞ் சிறுகுருவி போலே'. சமையலறையில் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் கோழியும் காக்காயும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் பால், 'பாலைப் பொழிந்து தரும்' பசு, அதன் கீழே வாலாட்டும் நாய். வண்டி நிற்கும் இடத்தில் 'வண்டி இழுக்கும் நல்ல குதிரை'. கடைசியில் படிக்கிற மேசைக்கு வந்தால் 'காலை எழுந்தவுடன் படிப்பு'. இரண்டு நாள் பிள்ளையோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொரு இடத்திலும் நின்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் நடக்கட்டும். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அவளே தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது, என்னுடைய வீட்டுக் குப்பைக் கூடையைவிட அவள் வீட்டு மொட்டைமாடிதான் அவளுக்கு நினைவிருக்கும்.

மாற்றிச் சொல்லும் குழப்பம் குறளிலும் வரும். 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' என்று ஒன்று, 'இன்னாசெய் தார்க்கும் இனியவே செய்யாக்கால் என்ன பயத்ததோ சால்பு' என்று இன்னொன்று. முதலில் இருப்பது 314, மற்றது 987. இரண்டும் பட்டியலில் இருந்தால் நிச்சயம் பிள்ளை ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும். பெரியவர்களே இறங்குவார்கள். ஒரே நாளில் இரண்டையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். அப்புறம் பாதை பிரியும் இடத்தைக் காட்டுங்கள்: 'தாரை' என்று வந்தால் ஒறுத்தல், 'தார்க்கும்' என்று வந்தால் இனியவே. "தாரை, ஒறுத்தல். தார்க்கும், இனியவே." முழுக் குறளைப் பத்துத் தடவை சொல்வதைவிட இந்த இரண்டு சொல் போதும்.

பொருள் எவ்வளவு சொல்ல வேண்டும் என்றால், ஒரு வாக்கியம், அதுவும் பேச்சுத் தமிழில். கோனார் உரை மாதிரி விளக்க உட்காராதீர்கள். சில இடங்களில் ஒரே ஒரு சொல்லை விளக்கினால் ஒரு கட்டு அவிழ்ந்துவிடும். ஆத்திசூடியில் இயல்வது கரவேல், ஈவது விலக்கேல், உடையது விளம்பேல் என்று வருகிறதே, 'ஏல்' என்று முடிந்தால் 'செய்யாதே' என்று அர்த்தம் என்பதை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். ஒளிக்காதே, தடுக்காதே, பீற்றாதே என்று பிள்ளையே பிரித்துக்கொள்ளும். அகர வரிசை வேறு படிக்கட்டு மாதிரி கூடவே வருவதால் ஆத்திசூடியைச் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக வைத்தது எவ்வளவு யோசித்துச் செய்த காரியம் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

நேரத்துக்கு வருகிறேன். அந்த அரை மணியை உடைத்துவிடுங்கள். காலையில் தலை பின்னும்போது ஐந்து நிமிடம், பள்ளி விட்டு வரும் வழியில் ஐந்து நிமிடம், படுக்கும்போது ஐந்து நிமிடம். புதிதாக ஒரு குறளைப் படுக்கும் முன்பு சொல்லிக்கொடுத்தால், காலையில் எழுந்ததும் அதை அவளிடம் கேட்க வேண்டும், நீங்கள் முதலில் சொல்லக் கூடாது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். மறந்துவிட்டாளோ என்ற பதற்றத்தில் நாமே சொல்லிவிடுகிறோம். அவள் தேடட்டும். மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் அதை உள்ளே ஆழமாகப் பதிக்கிறது, பார்த்துப் பார்த்து இருபது தடவை வாசிப்பதால் அது நடக்காது. பத்து எண்ணியும் வரவில்லையென்றால் முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். "நி..." என்றால் 'நிற்க' வந்துவிடும். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை என்று கேட்டால் போதும். இரண்டு நாளைக்கு ஒரு குறள் என்று போனால் ஒரு மாதத்துக்குள் பத்தும் தாராளமாக முடியும், பாப்பா பாட்டு அதன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

உ.வே.சா. தம் 'என் சரித்திரம்' நூலில் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பூ, ஒரு பறவை, ஒரு மிருகம், ஓர் ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார்கள், மறுநாள் பிள்ளை அவற்றை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ராத்திரியைத் தாண்டி ஒன்றைச் சுமந்து வரும் பயிற்சி அது. உங்கள் மகளுக்கு இடறுவது அந்த ராத்திரியில்தானே. குறளோடு கூடவே இதையும் செய்யலாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், எங்கள் வீட்டில் ஊர் பெயருக்குப் பதிலாகக் காய்கறிப் பெயர் வைத்துக்கொண்டோம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிழையாகப் பதிவதை முதல் நாளே திருத்திவிட வேண்டும். கைபேசியில் ஏதோ ஒரு காணொளியைக் கேட்டு 'துப்பாயதும் மழை' என்று பழகிவந்த ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். ஒவ்வொரு தடவையும் 'தூஉம்' என்று திருத்துவேன், தனியாகச் சொல்லும்போது சரியாகச் சொல்வான், முழுக் குறளாக வேகமாகச் சொன்னால் பழையதுதான் வரும். அது போக மூன்று வாரம் ஆனது. அதனால் காணொளியைப் போட்டுவிட்டு நீங்கள் வேறு வேலைக்குப் போகாதீர்கள். நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு ழகரம் சரியாக வராது என்று தயங்கினால் வீட்டில் வரும் ஒருவரைச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி குரலில் இருந்தால் அதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

விருந்தாளி வந்ததும் "பாட்டி கேக்குறாங்க பாரு, அந்தக் குறளைச் சொல்லு" என்று நிறுத்திவைப்பதை இந்த ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அரைகுறையாகப் பதிந்ததை அந்நியர் முன்னால் சொல்லித் தடுமாறினால் அந்தத் தடுமாற்றமும் சேர்ந்து பதியும். முழுதாக வந்தபிறகு அவளே "நான் சொல்லவா?" என்று வந்து நிற்பாள், அப்போது வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். கடைசி வாரத்தில் நின்றுகொண்டு, கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குக் கேட்கும் குரலில் சொல்லச் சொல்லுங்கள். தொலைக்காட்சி ஓடட்டும், நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், "கோழியிலிருந்து சொல்லு பார்ப்போம்" என்று. எங்கேயிருந்து தொடங்கினாலும் போக முடியும் என்று தெரிந்த பிள்ளைக்கு மேடையில் ஒரு வரி விட்டுப்போனாலும் பயம் வராது. போட்டிக்கு முந்தின நாள் புதிதாக எதையும் திருத்தாதீர்கள்.

எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆரம்பத்தில் வேண்டாம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு எழுதுவது தனிச் சுமை, 'ற'வா 'ர'வா என்று யோசிப்பதிலேயே பாட்டின் ஓசை போய்விடும். ஆனால் ஒரு குறள் வாயில் தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தபிறகு அலமாரியில் வைத்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, அவள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்துப் போகட்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்துக்கூட்ட வேண்டிய அவசியமே இருக்காது, எழுத்து சொல்லோடு தானாகப் பொருந்தும். என் பேரன் மே மாதக் கடைசியில் அப்படித்தான் 'துப்பாக்கி' என்ற சொல்லைப் பக்கத்தில் தேடிக் கண்டுபிடித்தான், அப்புறம் அதே 'துப்பு' அந்த இரண்டு வரியில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஐந்து என்றான். சரிதான்.